அபேட்சகர்: தேர்தல் செய்தியில் வாழ்ந்து மறைந்த ஒரு சொல்

என் தங்கை மகள் கல்லூரிக் கட்டுரை ஒன்றுக்காக 1937 சென்னை மாகாணத் தேர்தலைப் பற்றிய பழைய பத்திரிகைப் பக்கங்களைப் படித்துக்கொண்டிருந்தாள். நடுவில் நிமிர்ந்து, "மாமா, இந்த அபேட்சகர்னா யாரு? கலெக்டர் மாதிரி ஏதாவது ஆபீசரா?" என்று கேட்டாள். வேட்பாளரைத்தான் அப்படிச் சொல்வார்கள் என்றேன். "அப்போ வேட்பாளர்னே போட்டிருக்கலாமே?" என்றாள்.

அந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. 'அது வடமொழி, இது தமிழ், காலம் மாறியது' என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். பலரும் அப்படித்தான் முடிப்பார்கள். ஆனால் பக்கம் பக்கமாகப் பார்க்கப் பார்க்க, அந்த ஒரு வரி போதவில்லை. ஒரு பத்திரிகைச் சொல் எப்படி வருகிறது, யார் யார் வாயில் புழங்குகிறது, தமிழ்நாடு, இலங்கை என்ற இரண்டு கரைகளில் எதில் சீக்கிரம் மறைகிறது, எதில் தங்குகிறது என்பதற்கு 'அபேட்சகர்' நல்ல சாட்சி. அதனால் அந்தச் சொல்லை மட்டும் பின்தொடர்ந்தேன்.

முதலில் தேடுவதில் உள்ள சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பழைய பத்திரிகைகளில் இறங்குகிற எல்லோரும் இதில்தான் இடறுவார்கள். இந்தச் சொல்லுக்கு ஒரே எழுத்து வடிவம் கிடையாது. 'அபேக்ஷகர்' என்று கிரந்த எழுத்தோடு ஒரு பத்திரிகை அச்சிடும். 'அபேட்சகர்' என்று இன்னொன்று. மரியாதை வேண்டாத இடத்தில் 'அபேட்சகன்' என்றும் வரும். ஒரே இதழில் தலைப்பில் ஒன்றும் செய்திக்குள் இன்னொன்றுமாக இருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். அச்சுக்கோப்பவர் பெட்டியில் எந்த எழுத்து கைக்கு வந்ததோ அது. பத்தியோ மிகக் குறுகல். ஏழெட்டு எழுத்துச் சொல் வரி முடிவில் உடைந்தே தீரும். அந்தக் காலத்தில் உடைந்த இடத்தில் கோடு போடுகிற வழக்கம் பெரும்பாலும் இல்லை. ஒரு வரி 'அபே' என்று முடியும், அடுத்த வரி 'ட்சகராக' என்று தொடங்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு வேறு. 'அபேட்சகர்களை' என்பதில் உள்ள ளை, யானைத் தும்பிக்கை மாதிரி முன்னால் வளைந்து நிற்கும். 'அபேட்சகரானார்' என்பதில் உள்ள னா, ஒட்டிச் சுழித்த பழைய எழுத்தாக இருக்கும். படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள் இங்கேதான் கையை விரிக்கும். தேடல் பெட்டியில் சொல்லைப் போட்டு, எதுவும் வரவில்லை என்றால் சொல்லே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடத்தில் உட்கார்ந்து கண்ணால் படிப்பதற்கு இன்னும் மாற்று இல்லை.

எழுத்து வடிவமே ஒரு தகவலும் தருகிறது. வடமொழியின் க்ஷ, தமிழுக்குள் பழங்காலத்தில் வந்தபோது பல சொற்களில் க்க ஆனது. பக்ஷம் பக்கம் ஆனது, லக்ஷணம் இலக்கணம் ஆனது. பின்னால் வந்த சொற்களில் அது ட்ச ஆனது: பரீட்சை, லட்சம், தீட்சை. நம்முடைய சொல் 'அபேட்சகர்' என்றுதான் நின்றது. காலத்தால் பின்னே வந்த சொல் என்பது அதன் முகத்திலேயே எழுதியிருக்கிறது.

வேர் அபேக்ஷை. விருப்பம், எதிர்பார்ப்பு என்று பொருள். பழைய மனுக்களிலும் கடிதங்களிலும் 'தங்கள் தயவை அபேட்சிக்கிறேன்' என்கிற பாணி சகஜம். வேலைக்கு மனுப் போட்டவர்கூட உத்தியோக அபேட்சகர்தான். தேர்தல் வந்தபோது பத்திரிகைக்காரர்கள் புதிதாக எதையும் உருவாக்கவில்லை. மனு எழுதுகிற மேசையிலிருந்து இதை எடுத்துத் தேர்தல் பக்கத்தில் வைத்தார்கள். பதவியை விரும்பி நிற்பவர் என்ற பொருளில் அது கச்சிதமாகப் பொருந்தியது.

சரி, 'வேட்பாளர்' என்றால்? வேள் என்பது விரும்புதலைக் குறிக்கும் வேர். வேட்கை, வேட்பு எல்லாம் அதன் பிள்ளைகள். வேட்பாளர் என்றால் விரும்புகிறவர். அதாவது இரண்டு சொற்களும் ஒரே பொருளைத்தான் சுமக்கின்றன. வேட்பாளர் வேறு பார்வையில் பிறந்த சொல் இல்லை. அபேட்சகரை அப்படியே தமிழ் வேருக்கு மாற்றிப் போட்டது போல இருக்கிறது. பக்கத்து மொழிகளும் இதே வழியில்தான் போயிருக்கின்றன. தெலுங்கிலும் கன்னடத்திலும் அப்யர்த்தி, மலையாளத்தில் ஸ்தானார்த்தி, வங்காளத்தில் ப்ரார்த்தி: எல்லாம் வேண்டுகிறவர், கேட்கிறவர். இந்தியில் உம்மீத்வார், நம்பிக்கையோடு இருப்பவர். ஆங்கிலக் கேண்டிடேட்டின் கதை தனி. ரோமில் பதவிக்கு நின்றவர்கள் வெளுப்பூட்டிய வெள்ளாடை உடுத்தி வந்ததால் லத்தீனில் பிறந்த பெயர் அது. வெள்ளை வேட்டி சட்டையில் வாக்குக் கேட்டு வருகிறவர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது அந்நியமாகத் தெரியாது.

வேட்பு என்ற சொல் தமிழில் எவ்வளவு பழையது என்பதற்குக் குறளே போதும். சொல்வன்மை அதிகாரத்தில், 'கேட்டார்ப் பிணிக்கும் தகையவாய்க் கேளாரும் வேட்ப மொழிவதாம் சொல்' என்று வருகிறது. கேட்டவரைக் கட்டிப்போடவும், கேளாதவரும் விரும்பிக் கேட்கவும் பேசுவதே சொல். ஒரு தேர்தல் மேடைக்கு இதைவிடப் பொருத்தமான குறள் எனக்குத் தெரியவில்லை. வேர் கையிலேயே இருந்தது. ஆனாலும் 1920களில் பத்திரிகைக்காரர்கள் கை அங்கே போகவில்லை. ஏன்?

ஏன் என்பதைப் புரிந்துகொள்ள பாரதியைத்தான் பார்க்க வேண்டும். 1904-ல் சுதேசமித்திரன் நாளிதழில் உதவி ஆசிரியராகச் சேர்ந்து, வந்து குவியும் ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கும் வேலையைச் செய்தவர் அவர். 'மெம்பர்' என்பதற்குத் தமிழ் தேடி அலைந்ததை அவரே ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார். அவயவி சரியில்லை. சபிகன் சரியான பதந்தான், ஆனால் ஜனங்களுக்குத் தெரியாது. உறுப்பாளி என்றும் நினைத்துப் பார்க்கிறார், மனம் ஒப்பவில்லை. அரை மணி நேரம் யோசித்துவிட்டுக் கடைசியில் மெம்பர் என்றே எழுதிவிடுகிறார். பண்டிதர்கள் யாராவது நல்ல சொல் கண்டுபிடித்துக் கொடுத்தால் புண்ணியம் என்றும் கேட்கிறார்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். அவர் தொட்டுவிட்டுக் கைவிட்ட 'உறுப்பாளி'க்கும் இன்று நாம் யோசிக்காமல் எழுதும் 'உறுப்பினர்' என்பதற்கும் இடையே ஒரு விகுதிதான் வித்தியாசம். தமிழை அவ்வளவு அறிந்த ஒருவருக்கே அது அன்று காதில் ஒட்டவில்லை. சொல் சரியா தவறா என்பதோடு விஷயம் முடிவதில்லை. அந்தச் சொல்லைத் தாங்கிப் பிடிக்கப் பக்கத்தில் வேறு சொற்கள் வேண்டும். செயலாளர், பொருளாளர், பேச்சாளர், வாக்காளர் என்று ஒரு குடும்பமே நடமாடும் இடத்தில் வேட்பாளர் இயல்பாக உட்கார்ந்துவிடுகிறார். அந்தக் குடும்பம் இல்லாத பக்கத்தில் தனியாக நிறுத்தினால் விநோதமாகத்தான் இருக்கும். அன்றைய பக்கத்தில் இருந்த குடும்பம் வேறு: அக்கிராசனர் (தலைவர்), காரியதரிசி (செயலாளர்), பொக்கிஷதார் (பொருளாளர்), அங்கத்தினர் (உறுப்பினர்), பிரசாரகர், போஷகர் (புரவலர்). அபேட்சகர் அவர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்.

சென்னை மாகாணத்தில் சட்டசபைக்குப் பெருமளவில் நேரடித் தேர்தல் நடந்தது 1920 நவம்பரில். 1919 இந்திய அரசுச் சட்டத்தின்படி தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய 98 இடங்களில் நீதிக் கட்சி 63-ஐப் பிடித்தது. காங்கிரஸ் ஒத்துழையாமையால் ஒதுங்கி நின்றது. அதன் பிறகு 1923, 1926, 1930 என்று மூன்று ஆண்டு நான்கு ஆண்டுக்கு ஒரு தேர்தல். நடுவில் ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, முனிசிபாலிடித் தேர்தல்கள். ஆக, ஏதாவது ஒரு தேர்தல் செய்தி பத்திரிகையில் இல்லாத வருடமே இல்லை. அபேட்சகர் என்ற சொல் வேரூன்றியது இந்த ஓயாத உள்ளூர்த் தேர்தல் செய்திகளில்தான் என்பது என் கணிப்பு. 'இன்ன தாலுகாவுக்கு இன்னார் அபேட்சகராக நிற்கிறார்' என்ற வாக்கிய அச்சு ஒன்று உருவாகிவிடுகிறது. பெயரையும் ஊரையும் மாற்றினால் போதும், செய்தி தயார்.

1926-ல் இன்னொரு விஷயம். கமலாதேவி சட்டோபாத்யாய சென்னை சட்டசபைக்கு நின்றார். இந்தியாவில் சட்டமன்றத் தேர்தலில் நின்ற முதல் பெண் அவர். தென் கன்னடத்தில் மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். அபேட்சகன் என்று மட்டும் ஒரு சொல் இருந்திருந்தால் பத்திரிகை திண்டாடியிருக்கும். மரியாதை விகுதியான 'ர்' இருந்ததால் ஆணோ பெண்ணோ அபேட்சகர் என்றே எழுத முடிந்தது. வேட்பாளரும் பின்னால் இந்த வசதியை அப்படியே வாங்கிக்கொண்டது.

இப்போது, நான் எதிர்பார்க்காமல் போய் நின்ற இடம். 1925 மே மாதம் ஈரோட்டில் தொடங்கிய குடி அரசு இதழைப் புரட்டும்போது, அங்கே இந்தச் சொல் இருக்காது, அல்லது கிண்டலாக வரும் என்ற நினைப்போடு போனேன். அப்படி இல்லை. 1926 தேர்தலைப் பற்றிய பெரியாரின் காரசாரமான கட்டுரைகளில் அபேட்சகர்கள் சர்வசாதாரணமாக வருகிறார்கள், அக்கிராசனரும் கூடவே வருகிறார். அந்த நடையில் அன்று வடமொழிச் சொற்கள் தாராளம். மறைமலையடிகளின் தனித்தமிழ் முயற்சி 1916-லேயே தொடங்கிவிட்டது. ஆனால் அது தேர்தல் செய்தி எழுதுகிறவர் மேசைக்கு வர நெடுங்காலம் பிடித்தது. ஆகவே 'இது அந்த முகாமின் சொல், அது இந்த முகாமின் சொல்' என்று இன்றைய கண்ணால் 1920களைப் பிரிக்க முடியாது. சுதேசமித்திரன், குடி அரசு, நீதிக் கட்சி சார்பான பத்திரிகைகள் எல்லாவற்றுக்கும் அபேட்சகர் பொதுச் சொத்து. கொள்கையில் ஒருவரை ஒருவர் கிழித்தெறிந்தவர்கள் ஒரே சொல்லைத்தான் கையில் வைத்திருந்தார்கள்.

1937-க்கு வருவோம், கேள்வி அங்கேதானே தொடங்கியது. 215 இடங்களில் காங்கிரஸ் 159 இடங்களை வென்ற தேர்தல். வாக்குச் சாவடியில் கட்சிக்கு ஒரு நிறப் பெட்டி. காங்கிரஸுக்கு மஞ்சள். 'மஞ்சள் பெட்டிக்கே ஓட்டு' என்பதுதான் ஊரெங்கும் ஒலித்த கோஷம். அந்தக் கோஷத்தைக் கவனியுங்கள். அதில் அபேட்சகர் இல்லை. ஓட்டு இருக்கிறது, பெட்டி இருக்கிறது, மஞ்சள் இருக்கிறது. ஜனங்களிடம் பேசும்போது யாரும் அபேட்சகர் என்று சொல்லத் துணியவில்லை. சொத்து, வரி, படிப்பு பார்த்து வாக்குரிமை கொடுத்த காலத்திலேயே இப்படி. பத்திரிகைப் பத்திக்குள் மட்டுமே அந்தச் சொல் ராஜாவாக இருந்தது.

1952-ல் முதல் பொதுத்தேர்தல். வயது வந்த எல்லோருக்கும் வாக்கு. நிற்கிற ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டி, அதன் மேல் சின்னம். காங்கிரஸுக்கு நுகம் பூட்டிய இரட்டைக் காளை. எழுத்துத் தெரியாதவரும் பெட்டியைப் பார்த்துச் சீட்டுப் போட்டுவிடலாம். அந்த வருடப் பத்திரிகைகளில் அபேட்சகர் இன்னும் தெம்பாகத்தான் இருக்கிறார். பிறகு வரும் பத்துப் பதினைந்து வருடங்களில் இரண்டு சொற்களும் தோளோடு தோள் உரசிக்கொண்டு வருகின்றன. 1967 தேர்தலை எட்டும்போது தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் வேட்பாளர்தான் ஆட்சி செய்கிறார். அபேட்சகர் பழைய வாசனை அடிக்கும் சொல்லாக ஒதுங்கிவிடுகிறார்.

என்ன நடந்தது? எனக்கு முதலில் தோன்றிய விளக்கம், வாக்குரிமை பரவலானதால் எளிய சொல் தேவைப்பட்டது என்பது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இலங்கை இந்த விளக்கத்தை ஒரே தட்டில் கவிழ்த்துவிடுகிறது.

இலங்கையில் 1931-லேயே வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை வந்துவிட்டது, நமக்கு இருபது வருடம் முன்னால். யாழ்ப்பாணத்தில் அந்த முதல் தேர்தலையே வாலிபர் காங்கிரஸின் அழைப்பில் பகிஷ்கரித்ததால், அங்கிருந்த நான்கு இடங்களும் வெறுமையாகக் கிடந்தன. அதாவது, நிற்க ஆளில்லாத தேர்தல் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். வீரகேசரி 1930-ல் தொடங்கியது, ஈழகேசரி அதே ஆண்டு சுன்னாகத்திலிருந்து, தினகரன் 1932-ல். இவற்றிலெல்லாம் அபேட்சகர்தான். எளிய வாக்காளர் வந்ததால் சொல் மாறும் என்றால் இங்கேதான் முதலில் மாறியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. தமிழ்நாட்டில் அந்தச் சொல் மங்கிய பிறகும் இலங்கைப் பத்திரிகைகளில் அது நெடுங்காலம் உயிரோடிருந்தது.

தமிழுணர்வு அங்கே குறைவு என்று சொல்ல முடியுமா? அதுவும் நிற்காது. வாக்காளருக்கு இலங்கை அரச ஆவணங்கள் வைத்த பெயர் 'தேருநர்'. வாக்காளர் பட்டியல் 'தேருநர் இடாப்பு'. தேர்ந்தெடுக்கிறவர் தேருநர், இவ்வளவு அழகான தனித்தமிழ் ஆக்கம் தமிழ்நாட்டு அலுவலகங்களில்கூட வரவில்லை. டெபாசிட் கட்டுவதற்கு அங்கே 'கட்டுப்பணம்'. நாம் இன்றும் டெபாசிட் போச்சு என்றுதான் சொல்கிறோம். இவ்வளவு நல்ல தமிழுக்கு நடுவில் அபேட்சகர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

எனக்குச் சரியாகப் படுகிற காரணம் பக்கத்து வீட்டில் இருக்கிறது. சிங்களத்தில் வேட்பாளருக்கு அபேக்ஷகயா என்று பெயர், இன்றைக்கும் அதுதான் வழக்கு. ஒரே தேர்தல், ஒரே அறிவித்தல், இரண்டு மொழிகளில். சுவரொட்டியில், வானொலியில், சந்தியில் அந்த ஒலி தினமும் காதில் விழுந்துகொண்டே இருந்தால், தமிழ் வடிவம் பழைய சொல்லாகத் தோன்றவே தோன்றாது. தமிழ்நாட்டில் அபேட்சகருக்கு அப்படித் துணை நிற்க யாரும் இல்லை. தெலுங்கிலும் கன்னடத்திலும் அப்யர்த்தி, மலையாளத்தில் ஸ்தானார்த்தி. மாகாணம் மொழிவாரியாகப் பிரிந்தபின் அந்த உறவும் தூரமானது.

தமிழ்நாட்டில் மாற்றத்தைத் தள்ளியவை இரண்டு என்று நினைக்கிறேன். ஒன்று, 1949-க்குப் பின் மேடையும் பத்திரிகையும் ஒன்றாக வளர்ந்த திராவிட முன்னேற்றக் கழகத்தின் நடை. 1957-ல் அவர்கள் முதல் முறையாகத் தேர்தலில் நின்றபோது, நிற்பவரை என்ன பெயரால் அழைப்பது என்பது அவர்களுக்கு வெறும் செய்திப் பிரச்சினை இல்லை. தம்மைத் தாமே அறிமுகப்படுத்திக்கொள்ளும் சொல் அது. அவர்களுடைய மேடையில் அக்கிராசனர் ஏற்கெனவே தலைவர் ஆகிவிட்டார், காரியதரிசி செயலாளர் ஆகிவிட்டார். அபேட்சகர் மட்டும் தனியாக நிற்க முடியாது. இன்னொன்று, 1956-ல் வந்த ஆட்சிமொழிச் சட்டம். அதற்குப் பிறகு படிவமும் அறிவிப்பும் தமிழில் வர வேண்டும். வேட்புமனு என்று அரசுத் தாளிலேயே அச்சாகிவிட்ட பிறகு, அதைத் தாக்கல் செய்கிறவரை அபேட்சகர் என்று எழுத ஒரு நிருபருக்குக் கை வராது. மனுவும் மனுதாரரும் ஒரே வேரில் இருப்பது எழுத வசதி. கொள்கைப்பற்றைப் போலவே இந்த வசதியும் சொல்லை மாற்றியது என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். கழகத்தோடு எந்த ஒட்டும் இல்லாத பத்திரிகைகளும் சத்தமில்லாமல் மாறியதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டு கரைக்கும் நடுவே பாலமும் இருந்தது. வீரகேசரியை நிறுவியவர் தமிழ்நாட்டுச் செட்டியார், மணிக்கொடி இதழில் எழுதிய வ.ரா. பின்னால் கொழும்பு போய் வீரகேசரியின் ஆசிரியராக இருந்தார். சொற்கள் கப்பலேறிப் போய்வந்துகொண்டுதான் இருந்தன. அதனால் இலங்கையிலும் வேட்பாளர் மெல்ல மெல்ல ஏறி, இன்று அங்கேயும் பத்திரிகையில் அதுவே வழக்கு. உறுப்பினரைக் குறிக்கும் அங்கத்தவர் மட்டும் அந்தப் பழைய பந்தியிலிருந்து இன்னும் எழவில்லை.

இதையெல்லாம் தங்கை மகளிடம் சொன்னபோது அவள் பொறுமையாகக் கேட்டாள். அப்புறம் எங்கள் தெருவில் வரப்போகும் உள்ளாட்சித் தேர்தலைப் பற்றிப் பேச்சு போனது. வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மா குரல் கொடுத்தார்: "ஏம்ப்பா, நம்ம வார்டுல இந்தத் தடவை யாரு நிக்கிறாங்க?"